கேட்டால் கையைத் தூக்குங்கள்

“மாமா, உங்கட குரல் என்ர காதுக்குள்ளயே கேக்குது. பிறகேன் நீங்கள் அவ்வளவு தூரத்தில நிக்கிறியள்?”

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வந்த ஒரு சின்னப் பெண், அதைச் சுற்றிக் காட்டும் செல்லசாமியிடம் இப்படிக் கேட்டாளாம். கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்கு அந்தப் பக்கம் சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு அவர் நிற்க, இந்தப் பக்கம் கழுத்தில் சின்னப் பெட்டியும் காதில் வயருமாக அவள் நின்றாளாம். அன்று சாயங்காலம் அதை மனைவி மீனம்மாவிடம் சொல்ல, அவர் நாலு தடவை கத்த வேண்டியிருந்தது. மீனம்மாவுக்கு விளங்குவதற்குள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் பேச்சியம்மா சிரித்து முடித்திருந்தாள்.

“நீங்க என்னா சொன்னீங்க அந்தப் புள்ளைக்கு?” என்று கேட்டாள் மீனம்மா.

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

இன்று காலையில் கஞ்சியை ஆற்றி அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்விதான் அவள் மனதில் ஓடியது. செல்லசாமி அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவர் உதடு அசைந்தது. ஒரு சத்தமும் அவளுக்கு வந்து சேரவில்லை.

நெஞ்சு கெட்டுப்போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கத்துவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. மெல்லப் பேசினால் கேட்பதற்கு அவளிடம் காது இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தொழிற்சாலையில்தான் அவளும் வேலை செய்தாள். தூள் சலிக்கும் மெஷின்களுக்கு நடுவே எத்தனையோ வருஷம் நின்றதில், காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போனது.

“என்னாங்க? தண்ணியா? காலு வலிக்குதா?”

அவர் தலையை ஆட்டினார். அதில்லை.

பேச்சியம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு நாளாக அவள்தான் தூது. அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, மீனம்மாவின் காதில் அதைக் கத்திச் சொல்லுவாள். நேற்று அவர் கேட்ட சுடுதண்ணீர் இப்படித்தான் லயம் முழுக்க ஒலித்தது.

“சொல்லுங்கண்ணே, என்னான்னு சொல்லுங்க, நான் இவகிட்ட சொல்றேன்.”

செல்லசாமி வாயை மூடிக்கொண்டார்.

“பாத்தியாடி, என்னையக் கண்டதும் ஊமையாகிட்டாரு. ஒங்க கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்தவளே நான்தான். எங்கிட்ட என்னா ஒளிவு மறைவு?”

அவர் லேசாகச் சிரித்தார். ஆனால் சொல்லவில்லை. மீனம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. இது பேச்சியம்மா வழியாக வர முடியாத விஷயம். நேரமோ அதிகம் இல்லை. சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். ‘ஆத்தா, ஒரே ஒரு நேரத்துக்கு இந்தக் காதத் தெறந்து விடு’ என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் குணபூசணி ஒரு றாத்தல் பாண் ரொட்டியும் தோடம்பழமும் கொண்டு வந்தாள். தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவளுடையது. யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். செல்லசாமி படுத்த நாளிலிருந்து சுற்றிக் காட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது.

“அண்ணை, காதில மாட்டுற பஞ்சு உறையெல்லாம் ஊத்தையாக் கிடக்குது. வாற ஆக்கள் முகத்தைச் சுளிக்கினம். நீங்கள் எழும்பி வந்தாத்தான் அதுகளுக்கு விடிவு,” என்றாள் அவர் பக்கத்தில் குனிந்து.

அந்தக் கறுப்புப் பஞ்சு உறைகளை மீனம்மாவுக்குத் தெரியும். ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகிற சாமான் சுத்தமாக இருக்க வேண்டும் என்று செல்லசாமி அவற்றைக் கழற்றி, சட்டைப் பையில் வைத்திருக்கும் கைலேஞ்சியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் சவர்க்காரம் போட்டுக் கசக்கி அடுப்பு மேட்டில் காயவைப்பாள். ஆனால் அவற்றின் வழியாக ஒரு சொல்லைக்கூட அவள் கேட்டதில்லை. பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவர அவர் சம்மதித்ததே இல்லை. “ஸ்டோரு சாமான் லயத்துக்கு வரக் கூடாது,” என்பார். தொழிற்சாலையை அவர்கள் ஸ்டோரு என்றுதான் சொல்லுவார்கள்.

“அண்ணை ஏதோ சொல்லப் பாக்கிறார் போல?” என்று குணபூசணி மீனம்மாவின் காதருகே வந்து உரக்கக் கேட்டாள்.

“காலையிலேருந்து பாக்குறாரு மிஸ். எனக்குத்தான் கேட்டுத் தொலைய மாட்டேங்குது. பேச்சிகிட்ட சொல்ல மாட்டேங்குறாரு.”

குணபூசணி அவருடைய உதட்டைப் பார்த்தாள். மீனம்மாவின் காதைப் பார்த்தாள். “கொஞ்சம் பொறுங்கோ அக்கா,” என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் போனாள்.

தொழிற்சாலை லயத்துக்கு மேலே, கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு துவாய்ச் சுருள் இருந்தது. பிரித்தால் மாற்று மைக், ஒரு பெட்டி, ஒரு வயர். செல்லசாமி விரலை ஆட்டினார், கூடாது என்பதுபோல.

“இண்டைக்குக் கூடும் அண்ணை. நான்தானே பொறுப்பு,” என்றாள் குணபூசணி. மைக்கை அவர் சட்டையில் குத்தினாள். பெட்டியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி மீனம்மாவின் காதில் மாட்டினாள். மேலே வெள்ளைக்காரர்களின் பஸ் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. “பேச்சியம்மா அக்கா, நீங்களும் வாங்கோ, தேத்தண்ணி ஊத்த ஆள் காணாது,” என்று அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தேத்தண்ணீர் ஊற்ற அங்கே ஆள் இருந்தது. அது பேச்சியம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் போனாள்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு, காதுக்குள்ளே, அவ்வளவு கிட்டத்தில்:

“வணக்கம். கேக்குதா? கேட்டா கையைத் தூக்குங்க.”

மூன்று பாஷையிலும் வருகிறவர்களிடமெல்லாம் அவர் முதலில் சொல்லுவது அதுதான். மீனம்மா கையைத் தூக்கினாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல்! கொஞ்சம் கரகரத்து, மூக்கால் இழுத்து, கல்யாணம் ஆன புதிதில் கேட்ட அதே குரல்.

“மீனம்மா,” என்றார். பேர் சொல்லி அவர் கூப்பிடுகிறவர் இல்லை. ‘இந்தா’ என்பார், ‘இங்க பாரு’ என்பார்.

அவள் பதில் சொல்வதற்குள் காதில் வேறொரு குரல் புகுந்தது. குணபூசணியின் குரல், இங்கிலீஷில்.

“ஐயோ, மிஸ்ஸு பேசுறது கேக்குதுங்க! ஸ்டோருல பேசுறாங்க!”

செல்லசாமி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு மைக் படுத்துவிட்டால் மற்றது உடனே கைகொடுக்கட்டும் என்று இரண்டையும் ஒரே அலைவரிசை எண்ணில் வைத்திருந்தவர் அவர்தான். அவசரத்தில் குணபூசணி அதை மாற்றவில்லை. அப்படியானால் மேலே நிற்கும் அத்தனை வெள்ளைக்காரர் காதிலும் அவர்தான் மீனம்மா என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் முகத்தில் வெட்கம் பரவியது. கையை எடுக்கவில்லை. சரி, போகட்டும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தவர்கள் முழித்ததில் குணபூசணிக்கு விளங்கியிருக்க வேண்டும், மீனம்மாவின் காதில் இப்போது தமிழில் பேசினாள். “அண்ணை, நீங்கள் பேசுங்கோ. நான் என்ர மைக்கை நிப்பாட்டுறன். இவையளின்ர காதில இருக்கிறதை எல்லாம் கழட்டி வாங்கிப்போட்டன். ஒருத்தரும் கேக்கமாட்டினம். நான் வாயால சொல்லிச் சமாளிப்பன்.” டக் என்று ஒரு சத்தம். பிறகு அமைதி.

மீனம்மா அவர் காதில் குனிந்தாள். இத்தனை நாளும் மற்றவர்கள் அவளுக்குச் சொன்னார்கள். இப்போது அவள் அவருக்குச் சொன்னாள். “பேசச் சொல்றாங்க. யாருக்கும் கேக்காதாம்.”

அவர் கையை எடுத்தார்.

“கத்திச் சொல்ல முடியாத சங்கதியெல்லாம் சேந்து கெடக்கு மீனம்மா,” என்றார். “போன பொங்கலுக்கு மஞ்ச சேல கட்டுனியே. நல்லா இருந்துச்சு. கத்திச் சொன்னா பேச்சி சிரிப்பான்னு சொல்லல.”

“ஆமா, கெழவிக்கு மஞ்ச சேல ஒன்னுதான் கொறச்சல்,” என்றாள் அவள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது.

“நம்ம மகன் லோஜன் கொழும்புக்குக் கூப்புட்டா போய்ட்டு வா. போகாம ஒத்தையில குந்தியிருக்காத. ரசத்துக்கு மொளகு கொஞ்சம் கொறச்சுப் போடு, அவனுக்கு ஆகாது.” மூச்சு வாங்கியது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள். “ஸ்டோருல எல்லாரு காதுலயும் பேசுனேன். ஒங்காதுல பேச முடியலையேன்னு ஒரே ஏக்கம். அந்தப் புள்ள கேட்டுச்சே, ஏன் தூரத்துல நிக்கிறீங்கன்னு. வீட்டுக்கு வந்தா நான் ஒங்கிட்டதான் உக்காந்திருப்பேன். ஆனா அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன், தூரத்துல.”

“இப்ப வந்துட்டீங்க,” என்றாள் மீனம்மா.

அதன்பிறகு அவர் பேசியவை சின்னச் சின்ன விஷயங்கள். அவளுக்கு மட்டும் என்று சேர்த்து வைத்தவை. அவற்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாமும் கேட்க வேண்டியதில்லை.

நடுநடுவே இடைவெளி நீண்டது. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்ப ஆரம்பிக்கும்போது, “கேக்குதா?” என்பார். அவள் கையைத் தூக்குவாள்.

மத்தியானம் பேச்சியம்மா பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு வந்தபோது, செல்லசாமியின் முகம் மீனம்மாவின் பக்கம் திரும்பியபடி இருந்தது. மூச்சு இல்லை. மீனம்மா காதில் வயரோடு, தூக்கிய கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாதான் அந்தக் கையை மெல்லப் பிடித்து மடியில் வைத்தாள்.

மறுநாள் சாவுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். மீனம்மாவுக்கு அது காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இடித்தது. விடியற்காலையில் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த மகன் லோஜன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினான்.

“கடைசியா அப்பா என்னாம்மா சொன்னாரு?”

“ரசத்துக்கு மொளகு கொறைக்கச் சொன்னாரு, ஒனக்காக,” என்றாள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பேச்சியம்மா யாரிடமோ பேசிவிட்டு வந்து மீனம்மாவின் காதில் சொன்னாள். “மிஸ்ஸுக்கு நேத்து என்னா ஆச்சுன்னு தெரியல. மைக்கு சட்டையிலயே கெடக்குது, மெஷின் சத்தத்துல தொண்ட கிழியக் கத்திக்கிட்டே வெள்ளக்காரங்களச் சுத்திக் காட்டுச்சாம். சாயங்காலம் ஸ்டோரு பெரியவர் கேட்டதுக்கு, மைக்கு வேலை செய்யலன்னு சொல்லிருச்சாம். இன்னைக்கு பேச்சே வரல.”



குணபூசணி கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். செல்லசாமியின் காலடியில் பூவைப் போட்டுவிட்டு, மீனம்மாவின் முன்னால் வந்து குந்தினாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வந்திருந்தாலும் மீனம்மாவுக்குக் கேட்டிருக்காது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். போகும்போது மீனம்மா துவாயில் சுற்றி வைத்திருந்த மைக்கையும் பெட்டியையும் அவள் கையில் கொடுத்தாள். குணபூசணி அதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போனாள்.

கருமாதி முடிந்து லோஜனும் கொழும்புக்குப் போனான். பிறகு ஒரு சாயங்காலம், வந்தவர்களெல்லாம் போய்த் தொழிற்சாலையின் முன்பக்கம் ஓய்ந்த நேரத்தில், மீனம்மா பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். விருந்தினர் அறையின் பின்கதவு கொக்கி எப்படித் திறக்கும் என்பது அங்கே வேலை செய்தவளுக்குத் தெரியாதா? சின்னப் பெட்டிகளையெல்லாம் அடுக்கி வைக்கும் கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, வரிசையாக இருந்த வயர்களிலிருந்து பஞ்சு உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டாள். செல்லசாமியின் கைலேஞ்சி.

வீட்டில் வெந்நீரும் சவர்க்காரமும் எடுத்துவைத்தாள். உறைகளில் அழுக்கு ஏறியிருந்தது. அன்று தன் காதில் இருந்தது எது என்று தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. எல்லாம் ஒரேபோல இருந்தன. எல்லாவற்றையும் ஒரேபோலக் கசக்கினாள், இரண்டு தண்ணீரில் அலசினாள், அடுப்பு மேட்டில் பரப்பினாள்.

வெளிச்சம் வருவதற்கு முன்னால், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, திரும்பவும் அந்தப் பின்கதவைத் திறந்தாள். அடுப்புச் சூடு இன்னும் போகாத உறைகளை ஒவ்வொரு வயரிலும் மாட்டி, பெட்டிகளை அதனதன் குழியில் வைத்தாள். வைக்க வைக்கச் சார்ஜ் ஏறும் சின்னச் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மூடியைச் சத்தம் வராமல் மூடினாள். அவளுக்குக் கேட்காது. ஆனாலும் சத்தம் வராமல்தான் மூடினாள்.