மாசம் மூணு ரியால்

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பெருநகருக்குத் தந்தி வந்தது. பாஞ்சாலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷன் வேதகிரி மஸ்கட்டில் வெல்டர். பொங்கலுக்கு லீவில் வந்து திரும்பிப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. காகிதத்தைப் பிரிக்காமலே தெருக்கோடியில் இருந்த வரலக்ஷ்மி டீச்சர் வீட்டுக்கு ஓடினாள்.

டீச்சர் படித்துச் சொன்னார்: "வேதகிரிக்கு ஆபரேஷன். பயமில்லை. வியாழன் காலை மில்லுக்கு போன் வரும். சாமுவேல்."

சாமுவேல் அவனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன்.

"பயமில்லைன்னு போட்டிருக்காரே, அழாதே பாஞ்சாலி."

"உசுருக்குப் பயமில்ல டீச்சரம்மா. ஆசுபத்திரி துட்ட யாரு கட்டுவா? அந்த இன்சூரன்சு பாரம் ஞாபகம் கீதா?"

டீச்சருக்கும் ஞாபகம் வந்தது. வேதகிரி லீவில் வந்தபோது கொண்டுவந்த அந்தப் பாரத்தை அவர்தான் படித்து விளக்கினார். கம்பெனி மூன்று விதமான இன்சூரன்ஸ் கொடுத்திருந்தது. முதலாவதுக்குச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் மட்டும்தான் பணம். இரண்டாவதுக்கு மாசம் மூணு ரியால். அந்த ஊரில் எந்த நோய் வந்தாலும் தனியார் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனி வழியாகக் கிடைக்கும். மூன்றாவதுக்கு ஏழு ரியால். அதில் ஊரிலிருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்த்தி.

இரண்டாவதை எடு என்று பாஞ்சாலி தலைபாடாக அடித்துக்கொண்டாள். வேதகிரி கேட்கவில்லை. "எனக்கு இன்னா நோவு வரப்போவுது? மூணு ரியாலுன்னா வருசத்துக்கு ஆயிரம் ரூபாடி. கெணத்துக்கு மோட்டார் வாங்கிடலாம்." அவள் கண்ணெதிரிலேயே முதலாவதில் டிக் போட்டு, பாரத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டான். ரெண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்ததுதான் மிச்சம்.

என்ன ஆபரேஷன் என்று தந்தியில் இல்லை. வேலையில் அடிபட்டிருந்தால் கம்பெனி கொடுக்கும். வயிற்றிலோ நெஞ்சிலோ வந்த நோவென்றால் கொடுக்காது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள், 'எல்லம்மா, அவருக்கு அடிபட்டதாவே இருக்கட்டும்' என்று மனசு வேண்டிக்கொண்டுவிட்டது. வேண்டிய பிறகுதான் என்ன வேண்டினோம் என்று உறைத்தது. வாயில் அடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை பஞ்சாட்சரத்தைப் போய்ப் பார்த்தாள். செய்யாற்றங்கரையில் அவர்களுக்கிருந்த ஒரே ஏக்கரின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "ஒன்பதாயிரம்னா நாளைக்கே தரேன்" என்றார். "நாளைக்கு சொல்றேன்" என்று வந்துவிட்டாள். இரண்டு ராத்திரியும் கண் மூடவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தாள். ராஜாராமின் ரைஸ் மில்லில் வேதகிரி எட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். அந்த போன் நம்பர் அவனுக்கு மனப்பாடம். ராஜாராம் அவளை மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். டீ வாங்கி வரச் சொன்னார். அது ஆறி ஆடை கட்டியது.

பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. போனை எடுத்துக் கேட்ட ராஜாராம், "வேதகிரியேதாம்மா பேசறான்!" என்று அவள் கையில் கொடுத்தார். மில் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். நெல்லோடு காத்திருந்த பொம்பளைகளும் பேச்சை நிறுத்தினார்கள்.

"யோவ், எப்பிடியா கீற?"

"நல்லாத்தான் கீறேன். குடல்வாலு வீங்கி வெடிச்சிப்பூட்ச்சாம். அறுத்து எடுத்துட்டாங்க. எட்டு தையலு."

குடல்வால். அப்படியானால் அடிபடவில்லை. கம்பெனி கொடுக்காது.

"பில்லு எவ்ளோ?"

"ஐந்நூத்தி எம்பது ரியாலு."

"நெலத்த குட்த்துடறேன்யா. பஞ்சாட்சரத்தாண்ட பேசிட்டேன்."

"அய்யய்ய! எதுக்குடி நெலத்த விக்கிற? நான் ஒரு காசு கட்டல. கார்டு கீது எனக்கு. ரெண்டாவது இன்சூரன்சு."

"பொய் சொல்லாத. நீ மொதல்லதுலதான டிக் போட்ட?"

 வேதகிரி நடந்ததைச் சொன்னான். அவர்கள் கேம்ப்பில், முதலாவதையே எடுத்திருந்த ஒரு மலையாளத் தச்சனுக்கு மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரிக் கடனுக்குக் கேம்ப்பே வசூல் பண்ணியது. "நானும் பத்து ரியாலு குட்த்தேன். அவன் மொகத்த பாத்துட்டு, மறுநாளே ஆபீசுக்குப் போயி மாத்தி எழுதிட்டேன். எழுதி முப்பது நாளு ஆனாத்தான் செல்லும்னாங்க. வலி வந்தது முப்பத்திநாலாம் நாளு, பாஞ்சாலி."

நாலே நாள். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கடுதாசி போட்டா இன்னா? ரெண்டு நாளா செத்துப் பொயச்சேன்யா நானு."

"உன் பேச்ச கேட்டுட்டேன்னு எழுத வெக்கமா இருந்துச்சி."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இப்ப மட்டும் வெக்கமில்லியா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ராஜாராம், "இன்னாம்மா ஆச்சி?" என்றார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. ஒண்ணுமே ஆவல." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "கம்பெனியே கட்டிச்சாம். மில்ல ஓட்டுங்க, பாவம், எல்லாம் காத்துனு கீறாங்க."

மோட்டார் மறுபடி உறுமியது. அப்போதுதான் அவளுக்குப் பசி தெரிந்தது, அதுவும் வயிற்றைப் பிசைகிற பசி. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஓட்டலில் ஆறு இட்லி தின்றாள். சாம்பார் வாளியோடு வந்தவன் மூன்றாம் தடவை ஊற்றும்போது ஒரு மாதிரி பார்த்தான். "நல்லா ஊத்துய்யா" என்றாள்.

மத்தியான பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கண்டக்டர் தோளுக்கு மேல் கம்பியைத் தட்டி எழுப்பியபோது பெருநகர் போய், அடுத்த ஊரே வந்திருந்தது.

"எத்தினி வாட்டி கத்தறது? எறங்கும்மா. நடந்துதான் போவணும்."

"நடந்தா போச்சி" என்று இறங்கினாள். வெயில் கொளுத்தியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி, அவசரமில்லாமல் நடந்தாள்.