ஆபீசர் வந்தா சொல்லவேண்டியது

"அந்த இறால் கொட்டகைக்கு உன்னை யாரும்மா கூட்டிட்டுப் போனது?" நீதிபதி கேட்டாரு.

"நானேதான் விரும்பி வந்தேன் சார். நல்லா பாத்துக்கறாங்க சார்."

சொன்னது என் வாய். நான் இல்ல. எங்க வக்கீலம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. கூண்டுல நின்னது என் சித்தி. தையல் வேலைன்னு ஆசை காட்டி என்னை அங்க கொண்டுபோய்த் தள்ளின மகராசி. முந்தானையால மெதுவா வாயைத் துடைச்சுக்கிட்டா.

அந்தக் கொட்டகையில எல்லாருக்கும் இந்தப் பாடம் உண்டு. காலையில ஐஸ் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரி எங்களை வரிசையா நிக்கவெச்சுக் கேப்பான். ஆபீசர் யாராவது வந்து விசாரிச்சா என்ன சொல்லணும்? எல்லாரும் ஒண்ணா ஒப்பிக்கணும். தடுமாறினா அன்னிக்கு சாப்பாடு கிடையாது. பள்ளிக்கூடத்துல ஒரு வாய்ப்பாடு என் மண்டையில ஏறினதில்ல, இது மட்டும் ஜோரா ஏறிடுச்சு. அந்த ஐஸ் தண்ணியில இறால் உரிச்சு உரிச்சு முதல்ல விரல் மரத்துச்சு, அப்புறம் மத்ததெல்லாம்.

பின்னாடி பெஞ்சுல அம்மாவும் தங்கச்சியும். சித்தியை விட்டுட்டாங்கன்னா அடுத்து அங்க போகப்போறது தங்கச்சிதான். சித்தி பேச்சுன்னா அம்மாவுக்கு வேதவாக்கு. ஒழுங்கா வேலை பாக்கத் துப்பில்லாம குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வெச்சேன்னு இன்னும் என்னைத்தான் திட்டுது. இதெல்லாம் தெரிஞ்சும் எனக்கு அழுகை வரல. அதுதான் எரிச்சலா இருக்கு.

சித்தியோட வக்கீல் எழுந்தாரு. "விரும்பித்தான் போயிருக்கா. இதுல கேஸ் எங்க இருக்கு?"

"விரும்பியே போயிருந்தாலும், பொய் சொல்லிக் கொண்டுபோய் அடைச்சு வெச்சது குற்றம்தான் ஐயா," எங்க வக்கீலம்மா விடல.

நீதிபதி என்னைப் பாத்தாரு. "அடைச்சு வெச்சாங்களா?"

"இல்ல சார். கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும் சார்."

அதுவும் மேஸ்திரி பாடம்தான். நாசமாப் போக.

வக்கீலம்மா என் பக்கத்துல வந்து நின்னாங்க. கோபமே இல்லாம கேட்டாங்க. "சரிம்மா. உன் தங்கச்சியை அங்க அனுப்பலாமா?"

இதுக்கு யாரும் எங்களுக்குப் பதில் சொல்லிக்குடுக்கல. வாய் திறந்தபடியே நின்னுச்சு. நீதிபதி பேனாவைக் கீழ வெச்சாரு. நான் திரும்பித் தங்கச்சி கையைப் பாத்தேன்.

"வேணாம் சார்," அப்படின்னேன். "அவளுக்குச் சின்னச் சின்ன விரல். இறால் வேகமா உரிப்பா. அவளை வெளியவே விட மாட்டாங்க."