தங்கப்பனுக்கு எதிர் இடம்

1948 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை மாலை, தக்கலைக்கு அருகே கிருஷ்ணமணியின் தென்னந்தோப்பில் நடந்த இருபத்தெட்டுச் சீட்டாட்டத்தில், தங்கப்பனும் நானும் தொடர்ந்து தோற்றோம்.

இந்த ஆட்டத்தில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி; தோற்ற ஜோடி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். ஈர்க்கில் கோத்த பலா இலைதான் குணுக்கு. பஸ் கண்டக்டரான தங்கப்பனுக்கு அது ஒரு மாதிரி எடுப்பாகவே இருந்தது. எனக்கு அப்படி இல்லை என்று எதிர் ஜோடி சொன்னது. தோப்புக்காரர் கிருஷ்ணமணியும், பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா நாராயணபெருமாளும்தான் எதிர் ஜோடி.

அவர்கள் மூவரும் கள் குடிப்பார்கள். நான் குடிப்பதில்லை. வெளியே கேட்பவர்களிடம் கொள்கை என்று சொல்வேன். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் மதுவிலக்கு பற்றிப் பெயர் போடாமல் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். உண்மையில் கள் வாசனை பட்டாலே எனக்கு வயிறு புரளும். வயிறு செய்த முடிவுக்கு மூளை காரணம் எழுதியது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தோப்பை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வாரம் முழுவதும் அடுத்தவர் வீட்டுத் தகராறுகளைச் செய்தியாக எழுதுகிறவனோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்? குடிக்காதவன் என்று தெரிந்தால் இவர்களும் கழற்றிவிட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். வீட்டிலிருந்தே அக்கானி கொண்டுபோய், தனியாக உட்கார்ந்து அதைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக்கொள்வேன். பனையிலிருந்து இறக்கி, சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்காமல் வைத்த அந்தப் பதநீர், தூரத்திலிருந்து பார்த்தால் கள் மாதிரியே இருக்கும். இரண்டாவது சிரட்டைக்குப் பிறகு கொஞ்சம் உரக்கச் சிரிப்பேன். மூன்றாவதுக்குப் பிறகு நடக்கும்போது தென்னை மரத்தைப் பிடித்துக்கொள்வேன். நன்றாகவே நடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அன்று ஆட்டம் முடிந்து, நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, அடுத்த வாரம் எனக்குப் பதிலாக டைட்டஸைக் கூப்பிடலாம் என்று கிருஷ்ணமணி சொல்வது காதில் விழுந்தது. தங்கப்பன் மறுக்கவில்லை. நான் குடிக்காதது தெரிந்துபோய்விட்டது என்று நினைத்தேன்; டைட்டஸ் யார் என்றுகூட யோசிக்கவில்லை.

நான் ஈரக் கையோடு திரும்பி வந்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். குடிப்பது மட்டும்தான் சிநேகமா, குடிக்காதவன் மனிதன் இல்லையா என்று கேட்டேன். நடுவில் என் கட்டுரையிலிருந்தே இரண்டு வாக்கியம் வந்தது. கிருஷ்ணமணி சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அது என்னை மேலும் கிளப்பிவிட்டது. கொள்கையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எனக்கும் ஒரு சிரட்டை ஊற்றுங்கள் என்று கள்ளுக் கலயத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

தங்கப்பன் கலயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏலே, நீ குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? நான் ஜெயிச்ச பிடிய நீ எதுக்குத் துருப்பு போட்டு வெட்டுனே?"

கூட்டாளி ஜெயித்த சுற்றைத் துருப்பு வீணாக்கி வெட்டியது என் மடத்தனம்தான்; அதை விட்டுவிட்டு, நான் குடிப்பதில்லை என்று எப்படித் தெரியும் என்று தங்கப்பனிடம் கேட்டேன்.

"மொத நாளே தெரியும் மக்கா. கள்ளு குடிச்சா மீசையில நொரை நிக்கும். ஒனக்கு ஒரு நாளாவது நின்னிருக்கா?"

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, எனக்கு முட்டுவலி என்று நாராயணபெருமாள் நினைத்திருக்கிறார். தைலம் வாங்கித் தரலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

டைட்டஸ் யார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் பகுதிக் கிறிஸ்தவச் சபையின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். கள்ளுக் கலயத்தை முறைத்துப் பார்த்து ஜெபம் செய்யக்கூடியவர். சங்கத்தின் உறுதிமொழியில் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பது அவருடைய வாதம். அவரா இங்கே வருவார் என்று கேட்டேன்.

"வந்து ஜெபம் பண்ணட்டும்," என்றார் கிருஷ்ணமணி. "எந்தச் சீட்டு போச்சு, எது பாக்கி இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியும். ஒனக்கு ஒன் கையில இருக்கதே தெரியாது."

அப்படியானால் நான் வர வேண்டாமா என்று கேட்டேன். கை தானாகப் பக்கத்துத் தென்னையைப் பிடித்துக்கொண்டது. அது நடிப்பு இல்லை.

"வராம எங்க போவ?" என்றார் தங்கப்பன். "சீட்ட மட்டும் தொடாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கப்பனுக்கு எதிரே டைட்டஸ் உட்கார்ந்தார். அந்த ஜோடி ஜெயித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினேன். இருட்டுவதற்கு முன் எல்லோரும் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.