நகத்தளவு மின்முனை

எரிந்துபோன மின்கலத்தில் மிஞ்சியது நகத்தளவு மின்முனைத் துண்டு ஒன்றுதான். ஹைட்ரஜனில் ஓடும் அந்த மின்கலம் சூடேறித் தீப்பிடித்ததில் ஒரு மெக்கானிக் செத்துப்போனார். மின்முனையில் பூசும் கரி மையில் சேர்க்க வேண்டிய பாலிமரைக் குறைத்துவிட்டான் என்று, கலந்தவன் தலையில் பழி விழுந்தது. துண்டை ஆராய ஊரில் இருந்தது ஒரே கருவி. அதை ஓட்டுபவள் அவனுடைய சொந்த அக்கா.

வீட்டில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்றே பெயர். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போகிற ஆள். இவனா அளந்து கலந்திருப்பான் என்ற சந்தேகத்தோடுதான் அவள் துண்டைக் கருவிக்குள் வைத்தாள். எக்ஸ்ரே கதிர் பட்டதும், மேற்பரப்பில் என்னென்ன இருக்கிறதோ அதெல்லாம் திரையில் மேடுமேடாக எழும். அந்தப் பாலிமரில் ஃபுளோரின் உண்டு; போதுமான அளவு இருந்தால் அதன் மேடு உயரும். அது நெடுநெடுவென்று எழுந்து நின்றது. தம்பி சரியாகத்தான் கலந்திருக்கிறான்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே? அந்த இடத்தில் மட்டும் தப்பித்தவறி அமைந்துவிட்டதோ என்று அடுத்த மூலைக்கு நகர்த்தினாள். பிறகு இன்னொரு மூலை. சாப்பிடக்கூடப் போகாமல், ஓர் இடம் விடாமல், பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள். அந்தக் கதிர் பாலிமரைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. வேலைக்கு வந்த புதிதிலேயே படித்த பாடம். மேடு சரிய ஆரம்பித்தபோதுதான் உறைத்தது.

மறுநாள் விசாரணை அதிகாரி வந்தார். உறவுமுறை அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"தம்பி விஷயத்துல அக்கா தனியா பாத்ததை நான் எப்படிம்மா ஏத்துக்கறது? எனக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டுங்க."

"சார், நேத்தே நிறைய பாத்துட்டேன். கதிர் பட்டுப்பட்டு பாலிமர் போயிடுச்சு. முதல்ல எடுத்த பதிவைப் பாருங்க."

"பாத்ததுக்கே கரைஞ்சுபோக அது என்னம்மா, சோப்பா?"

ஓட்டினாள். மேடு இருந்த இடத்தில் ஒரு சின்னப் புடைப்புதான் வந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைக் குறித்தார். வேறு துண்டு கிடையாது. கையெழுத்துக் கேட்டார். கண்ணெதிரே வந்த எண்ணை எப்படி மறுப்பது? போட்டாள்.

தம்பி வெளியே நடைவழியில் காத்திருந்தான். அவனிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கத்துவான், கையை ஓங்கினாலும் ஓங்குவான் என்று நினைத்தாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"முதல் தடவையே சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுடா. என் கண்ணால பாத்தேன்."

"அப்புறம் ஏன்க்கா திரும்பத் திரும்பப் பாத்த?"

"அந்த ஒரு இடத்துல மட்டும் தப்பித்தவறி அமைஞ்சிருக்குமோன்னு..."

"நான் ஒழுங்கா செஞ்சிருப்பேன்னு நம்ப முடியல, இல்ல?"

உள்ளேயிருந்து அதிகாரி கூப்பிட்டார். தம்பி சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.