அக்கா கை பட்டால் திறக்கும்

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருத்துவமனையின் மருந்து அறையில் மாத்திரைகளை எண்ணி உறையில் போடுவாள், வாசலைப் பார்ப்பாள், எண்ணிக்கை மறந்துபோய் மறுபடி கொட்டுவாள். முந்தின நாள் மதியம் வீட்டை விட்டுப் போன தம்பி இன்னும் திரும்பவில்லை. முதுகில் அறுவைசிகிச்சை ஆனபோது போட்ட வலி ஊசி, வலி போன பிறகும் அவனை விடவில்லை. சிகிச்சை மையத்தில் சேர்த்து மீட்டுக்கொண்டு வந்து, சில மாதமாகத்தான் வீடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அந்த மருத்துவமனையில் மருந்து அறையைப் பார்த்துக்கொள்ளும் அவள் எல்லாருக்கும் அக்கா. அவளைவிட மூத்தவரான தலைமை மருத்துவர்கூடக் கூச்சமே இல்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூடப்பிறந்தவன் என்று இருப்பது அந்தத் தம்பி ஒருவன்தான். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் நிற்காததால் அவனுக்குப் பம்பரம் என்று பெயர்.

வலி மருந்துகள் இருக்கும் இரும்பு அலமாரிக்குப் போன மாதம் புதுப் பூட்டு வந்தது. சாவி கிடையாது. அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை. வேலைக்கு வந்ததும் அதில் விரல்ரேகையை வைத்தால் போதும். அலமாரியின் கைப்பிடியைத் தொடும்போது ரகசிய எண் அவள் உடம்பு வழியாகவே போய்ப் பூட்டைத் திறக்கும். பட்டையைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடும்.

“காத்துல அனுப்பினா எவனாவது நடுவுல புடிச்சிடுவான்மா. உடம்புக்குள்ள போறத எவன் திருட முடியும்?” என்றார் பூட்டு மாட்ட வந்தவர்.

“என் கையை யாராவது புடிச்சுக்கிட்டு, அவங்க தொட்டா?”

அவர் முழித்தார். “திறக்கும்தான். ஆனா மருந்து ரூம்ல யார் கையைம்மா புடிக்கப் போறீங்க?” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அசடு வழிந்தார்.

அந்தக் கூத்தை அன்றைக்குச் சாப்பிடும்போது அவளே வீட்டில் நடித்துக் காட்டினாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பம்பரமும் சிரித்தான்.

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பம்பரம் வந்து நின்றான். வெளியாள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? அவன் முகத்தைப் பார்த்ததும் சட்டதிட்டமெல்லாம் பறந்துவிட்டது. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“எங்கடா போய்த் தொலைஞ்ச? அம்மா ராத்திரி பூரா கண்ணே மூடல.”

“சும்மா நடந்துக்கிட்டே இருந்தேன்க்கா.”

தண்ணீர் கேட்டான், குடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், ஒரு மருந்துப் பெட்டியை எடுத்துத் தலைகீழாக வைத்தான். கடைசியில் அலமாரிமேல் போய்ச் சாய்ந்துகொண்டான்.

“அக்கா, பயமா இருக்கு. கையைக் குடேன்.”

வளர்ந்த பிறகு அவன் அவள் கையைப் பிடித்ததே இல்லை. அறுவைசிகிச்சை முடிந்து கிடந்தபோதுகூட, பிடிக்கப் போனவளை உதறியவன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வியர்த்துச் சில்லென்று இருந்தது அந்தக் கை. இனி பிழைத்துக்கொள்வான் என்று அந்த ஒரு கணம் நம்பினாள், பைத்தியக்காரி.

அவன் முதுகுக்குப் பின்னால் ‘டிக்’ என்றது.

நாள் முழுக்க அவள் கேட்கிற, பூட்டு திறக்கும் சத்தம்தான். எட்டிப் பார்த்தாள். அவனுடைய இன்னொரு கை கைப்பிடியில் இருந்தது. அலமாரி விரலளவு திறந்திருந்தது. வேலை போகும், வழக்கு வரும் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது. இதற்காகவா கையைக் கேட்டான் என்பதுதான் முதலில் சுட்டது.

“ஒண்ணே ஒண்ணுக்கா. இன்னைக்கு மட்டும்.”

அவள் அலமாரிக் கதவைக் காலால் உதைத்து மூடினாள். ஒரு கையால் அவனைப் பிடித்தபடியே, மற்றக் கையின் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். கொக்கி பிய்ந்து அது தரையில் விழுந்தது. பம்பரம் கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. மறுபடி இழுத்தான்.

“இப்ப இந்தக் கையில ஒண்ணும் இல்லடா,” என்றாள். “வேணும்னா புடிச்சுக்கோ.”

அவன் அவள் கையை விட்டுவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. அவள் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசல்வரை வேகமாகப் போனான். தாழ்ப்பாளில் கை வைத்தான். அப்படியே நின்றான். நிற்கிற பம்பரத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். தோள்கள் குலுங்கின.

திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்பக்கம் நீட்டினான்.