பொதுச்சுவரில் கேட்ட தட்டல்

கேபிள்காரர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று இருபத்திரண்டு நாள் ஓடிவிட்டது. இருபத்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, தோளில் கறுப்புக் கேபிள் சுருளும் கையில் துளை போடும் இயந்திரமுமாக அவர் வாசலில் வந்து நின்றபோது, வரைபடக்காரருக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மனிதருக்குக் கட்டட வரைபடம் போடுகிற தொழில். வீட்டிலேயே மேசை, வீட்டிலேயே கணினி. ஒரு அடுக்குமாடியின் படத்தை அலுவலகத்துக்கு அனுப்ப உட்கார்ந்தால், பழைய இணைப்பில் அது போய்ச் சேருவதற்குள் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம். அதனால்தான் வேகமான ஃபைபர் இணைப்புக்கு எழுதிப் போட்டார். மூன்றாம் நாளே வந்திருக்க வேண்டியது. குறுக்கே வந்து நின்றது புகார்ப் பெட்டி.

புகார்ப் பெட்டி என்பது பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அந்தக் குடியிருப்பு வைத்திருந்த பட்டப்பெயர். அறுபது தாண்டியவர், தனி ஆள். அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறார். சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. சலவை இயந்திரம் உறுமினால் ஒரு கடிதம், மாடிப்படியில் செருப்பைத் தேய்த்து நடந்தால் ஒரு கடிதம். கடிதத்தில் மருந்துக்கும் ஒரு பிழை இருக்காது, படிக்கிறவர்களுக்கு அதிலேயே பாதி எரிச்சல் வந்துவிடும். பொதுச்சுவரில் துளையிடத் தமக்குச் சம்மதமில்லை என்று அவர் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தால்தான் இவருடைய ஃபைபர் மூன்று வாரம் கிடப்பில் கிடந்தது. சங்கத்தார் நடையாய் நடந்து அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கேபிள்காரர் ஐம்பது வயது மனிதர். வந்த வேலையைத் தவிர வேறெதுவும் பேசாத ரகம். நாற்காலியைப் போட்டு ஏறிச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"படிக்கட்டுப் பக்கம் குழாய் வழியா மேல கொண்டு வந்துட்டேன் சார். இந்தச் சுவரோரமா ஓட்டி, உங்க மேசைகிட்ட பெட்டிய வெச்சிடறேன். ஒண்ணே ஒண்ணு, கேபிள மட்டும் மடக்கிடாதீங்க. உள்ள இருக்கறது கண்ணாடி இழை. மடங்கிச்சுன்னா வெளிச்சம் போகாது."

"நீங்க போடுங்க, நான் குழந்தை மாதிரி பாத்துக்கறேன்" என்றார் வரைபடக்காரர், வாயெல்லாம் பல்லாக.

இயந்திரம் அலறியது. முதல் துளை விழுந்தது. கேபிள்காரர் அதை நிறுத்திவிட்டுத் தூசியை ஊதினார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. டக். டக். டக்.

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா!" வரைபடக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டு இப்ப தட்டறதப் பாருங்க!"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நேத்து பீரோவ நகர்த்தினப்பவும் இப்படித்தாங்க தட்டினாங்க. சாயங்காலம் டீவி பாக்கறப்பவும் தட்டினாங்க. இந்தம்மாவோட பெரிய ரோதனையாப் போச்சு."

"நேத்தே நான் திருப்பி நாலு போட்டேனே, புத்தி வந்துச்சா?"

மறுபடியும் டக், டக், டக். வரைபடக்காரருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. மூன்று வாரக் கடுப்பு அல்லவா. கேபிள்காரரின் சுத்தியலை எடுத்து, அதன் கைப்பிடியால் சுவரில் ஓங்கி நாலு போடு போட்டார். ஒரு கணம் அமைதி. பிறகு அந்தப் பக்கம் படபடவென்று தட்டல், முன்னைவிட வேகமாக.

"பாத்தீங்களா கொழுப்ப? நாம ஒண்ணு குடுத்தா அது பத்து குடுக்குது!"

கேபிள்காரர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினார். சுவரோரம் மண்டியிட்டு, தரையோடு தரையாகக் காதை வைத்தார்.

"சார், நான் துளை போட்டது மேல. சண்டைக்குத் தட்டறவங்க நின்ன வாக்குல, கை எட்டற இடத்துலதான தட்டுவாங்க? இது அடியில வருது. தரையிலேருந்து ஒரு சாண்கூட இல்ல."

"உக்காந்துக்கிட்டுத் தட்டறாங்களோ என்னமோ."

"இது உங்க ஹாலு. அந்தப் பக்கம் அவங்களுக்கு என்ன ரூம்?"

இந்த மாதிரிக் குடியிருப்புகளை நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளியவர் அவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பக்கத்து வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுவார்.

"பாத்ரூம்" என்றார். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

குளியலறைத் தரையில், நேற்றும் இன்றும். "ஐயோ!" என்று மனைவிதான் முதலில் ஓடினாள். அவர் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார்.

பக்கத்து வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வாசலில் இரண்டு நாளிதழ்கள் கிடந்தன. நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று. சற்று முன் கேபிள்காரருக்குப் படிக்கட்டுக் குழாயைக் காட்டப் போனபோது அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் வரைபடக்காரர் போயிருந்தார்.

"அம்மா! அம்மா!" என்று கதவை அறைந்தார். பதிலில்லை.

"தள்ளுங்க சார்" என்றார் கேபிள்காரர். சுவரைத் துளைத்த இயந்திரத்தைப் பூட்டின் சாவித்துளையில் வைத்து அழுத்தினார். இரும்புத் தூள் கொட்டியது. மூன்று நிமிடத்தில் கதவு திறந்தது.

உள்ளே அவர்கள் பார்த்ததை வரைபடக்காரர் இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அந்த அம்மாள் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டிருந்தது. கையில் தரை தேய்க்கும் பிரஷ். அதன் கைப்பிடி பட்டுப் பட்டுச் சுவர்ப் பளிங்கில் ஒரு மூலையே பெயர்ந்திருந்தது. ஆட்களைக் கண்ட பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. மனைவி அழுதுகொண்டே அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஈரத்துணியால் உதட்டை நனைத்தாள்.

"கால அசைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கேபிள்காரர்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். வரைபடக்காரர் கையில் இன்னும் அந்தச் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்துக்கொண்டு ஓடிவந்தார் என்று அவருக்கே தெரியாது.

இடுப்பெலும்பு முறிவு. முந்தின நாள் காலை ஆறரைக்கு விழுந்திருக்கிறார். இன்னும் அரை நாள் போயிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும், ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். ஏறக்குறைய இருபத்தெட்டு மணி நேரம்! அத்தனை நேரமும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தாம் சாப்பிட்டதும், டீவி பார்த்துச் சிரித்ததும், பீரோவை இழுத்ததும் ஒவ்வொன்றாக மேலே வந்து வரைபடக்காரரை அறைந்தன.

சாயங்காலம் கேபிள்காரர் திரும்பி வந்து வேலையை முடித்தார். இழையை ஒட்டினார், பெட்டியை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. வேகத்தைச் சோதித்துக் காட்டினார். வரைபடக்காரர் மூன்று வாரம் தவம் கிடந்த வேகம். அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

கிளம்பும்போது கேபிள்காரர் தயங்கி நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நாளைக்கு நாலு வீட்டுக்குப் போறேன், நாலு வீட்லயும் வேகம் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. பக்கத்து வீட்ல யாருன்னு கேட்டா முழிப்பாங்க. எங்க வீட்லயும் அதே கதைதான். இன்னிக்குப் போய் கேக்கணும்."

ஐந்தாம் நாள், அறுவை சிகிச்சை முடிந்து அந்த அம்மாள் பேசுகிற நிலைக்கு வந்ததும், வரைபடக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மன்னிப்புக் கேட்கவேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் வாயைத் திறக்கும் முன் அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போயிடுச்சு. இனி அவ்வளவுதான்னு கண்ண மூடிட்டேன். அப்ப நீங்க திருப்பித் தட்டினீங்க பாருங்க, அதுலதான் உசுர் வந்துச்சு. ஆள் கேட்டுட்டாங்க, இதோ வந்துடுவாங்கன்னு நெனச்சேன். அந்த நம்பிக்கையிலதான் ராத்திரி பூரா கிடந்தேன்."

வாயை மூடிக்கொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வரைபடக்காரரால் முடியவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

"அது பதில் இல்லம்மா. நீங்க சத்தத்துக்குச் சண்டை போடறீங்கன்னு நெனச்சேன். 'சும்மா கெட'ன்னு சொல்லித்தான் தட்டினேன். உங்க வாசல்ல பேப்பர் கிடந்ததப் பாத்தேன். எதுவும் தோணல. நான் மனுஷனே இல்லம்மா."

அந்த அம்மாள் கையை மெல்ல விலக்கிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வலியா என்று வரைபடக்காரருக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விடலாமா என்று அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தபோது, அந்த அம்மாள் கம்மிய குரலில் சொன்னார்.

"எங்கிட்டயும் தப்பு இருக்கு. வாயால சொல்லவேண்டியத எல்லாம் கடுதாசியா எழுதி எழுதியே உங்க எல்லாரையும் தூர வெச்சிட்டேன். அத விடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க தம்பி. பாசமா வந்து விசாரிக்கணும்னு யாரும் கேக்கல. அவ்வளவு கோவம் வந்துச்சே, அந்தக் கோவத்தோட நேர்ல வந்து என் கதவ இடிச்சு ஒரு சண்டை போட்டிருந்தாக்கூட, விழுந்த அன்னிக்கே நான் பொழச்சிருப்பேன். இனிமே பக்கத்து வீட்ல யாரு தட்டினாலும், சண்டைக்காவது எழுந்து போய் ஆளப் பாருங்க."