உச்சிப் பெட்டியில் இருந்த நோட்டு

சிரில் அத்தான் சனிக்கிழமை தவறாமல் விடிவதற்குள் காரை எடுத்துக்கொண்டு கோலிட்சா மலைக்குப் போய்விடுவார். மூன்று வருடமாக இதே கதை. மலையாவது மண்ணாவது, எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று என் அக்கா யெரிட்சா புலம்பிப் புலம்பி எனக்குக் காது புளித்துவிட்டது. நேரில் கேளேன் என்றால், கேட்டால் பொய் சொல்வார் என்பாள். அவளும் முன்பு கூடப் போனவள்தான். அந்த மனுஷன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஓடுகிறார் என்று ஒருநாள் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கோலிட்சா உச்சியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. ஏறியவர்கள் தேதி போட்டுப் பெயர் எழுதாமல் இறங்குவதில்லை; இடி இடித்தாலும் எழுதிவிட்டுத்தான் ஓடுவோம். போய்ப் பார்த்துவிடலாமே என்று நான்தான் வாயை விட்டேன். எனக்கும் தெரிந்துகொள்ளாமல் தலை வெடித்தது. நோட்டில் அவர் பெயர் இல்லையென்றால் அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றாள் அக்கா. விளையாட்டில்லை, துணிமணியை மடித்தே வைத்துவிட்டாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, அத்தான் வேலைக்குப் போனதும் எங்கள் ஊர் மாரிபோரிலிருந்து கிளம்பினோம். இரண்டு மணி நேரம் மூடுபனிக்குள் ஓட்டினேன். மலையேறத் தொடங்கியதும் பனி கீழே தங்கிவிட்டது, பீச் காட்டு மரங்கள் இலை பழுத்துச் செம்பாய் நின்றன. அக்கா எதையும் பார்க்கவில்லை, பாதையை மட்டும் பார்த்து நடந்தாள்.

உச்சியில் நான்தான் நோட்டைத் திறந்தேன். சனிக்கிழமை, சிரில் கோலார். அதற்கு முந்தின சனிக்கிழமையும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அக்கா விரலை வைத்தாள். ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே ஒரு பெண் பெயர்.

"யாருடி அவ, என் பேரை வச்சுக்கிட்டு?"

யெரிட்சா கோலார். அத்தானின் சாய்ந்த கையெழுத்தேதான். செப்டம்பரில் கொட்டும் மழையன்று, அக்கா வீட்டில் பிளம்ஸ் ஜாம் கிண்டிக்கொண்டிருந்த சனிக்கிழமையிலும் இருந்தது.

அக்கா பாறையில் உட்கார்ந்து அழுதாள்.

"வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிட வாய் வரலையே அந்த மனுஷனுக்கு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். தேதி போட்டாள், ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டாள், தன் பெயரை எழுதினாள். அந்த இடம் எதற்கு என்று கேட்டேன்.

"நாளன்னைக்கு நானும் வருவேன். அவரு பேரை அவரே எழுதட்டும், நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்."